நள்ளிரவு அலறல்: ஒன்றரை முதல் நாலு வயது வரையிலான குழந்தைகளின் நைட் டெரர்

தாலாட்டு (இழையைத் தொடங்கியவர்)

ஒன்றரை வயதிலிருந்து நாலு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வரும் நைட் டெரர் பற்றி மட்டும் பேசத்தான் இந்த இழை. ராத்திரி பாலுக்கு எழுவது, பல் முளைக்கும்போது அழுவது போன்றவை வேறு. அவற்றை இங்கே கலக்க வேண்டாம்.

முதலில் அடையாளம். தூங்கிப்போன ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வரும். குழந்தை திடீரென்று வீறிட்டு அலறும், எழுந்து உட்காரும். கண் திறந்திருக்கும், ஆனால் பார்வை யார் மேலும் நிற்காது. உடம்பு வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சு வாங்கும், கண்ணின் கருமணி விரிந்திருக்கும். தூக்கப் போனால் உதறும். "அம்மா" என்று கத்திக்கொண்டே அம்மாவைத் தள்ளிவிடும். பெரும்பாலும் சில நிமிடங்கள். நீண்டால் அரை மணி வரை. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலச் சாய்ந்து தூங்கிவிடும். காலையில் கேட்டால் எதுவும் தெரியாது.

கெட்ட கனவு விடியற்காலைப் பக்கம் வரும். குழந்தை முழுசாக விழித்திருக்கும், நம்மைத் தேடி ஒட்டிக்கொள்ளும், பேசத் தெரிந்த குழந்தை என்றால் என்ன பார்த்தது என்று சொல்லும், மறுபடி படுக்கப் பயப்படும். அதை அணைத்து ஆற்றலாம்.

நைட் டெரரை அப்படி ஆற்ற முடியாது. ஆறுதலை வாங்கிக்கொள்ள அங்கே விழித்திருக்கும் குழந்தை இல்லை. இது ஒன்று புரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும். அலறும் அந்தப் பத்து நிமிடத்தில் நாம் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். செய்ய வேண்டிய வேலையெல்லாம் பகலிலும் சாயங்காலத்திலும் இருக்கிறது.

தூக்கக்கூடம்

தாலாட்டு சொன்னதோடு, உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சேர்க்கிறேன். காரணம் தெரியாமல் வைத்தியம் பேசினால் எல்லாம் வெறும் குருட்டு முயற்சியாகிவிடும்.

தூக்கம் சுற்றுச் சுற்றாக வருகிறது. இரவின் முதல் பகுதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், பின்பகுதியில் கனவுத் தூக்கம் அதிகம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் மூளை ஆழத்திலிருந்து மேலே ஏறி வர வேண்டும். ஆழம் அதிகமாக இருந்து, அதே நேரத்தில் ஏதோ ஒன்று உசுப்பிவிட்டால், மூளையின் ஒரு பகுதி விழித்துக்கொள்கிறது, மற்ற பகுதி தூக்கத்திலேயே தங்கிவிடுகிறது. கை கால், குரல், இதயத் துடிப்பு எல்லாம் விழிப்பின் வேகத்தில் ஓடும். அடையாளம் காண்பது, நினைவில் பதிப்பது இரண்டும் உறங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே அலறல் வர இரண்டு விஷயம் சேர வேண்டும்: ஆழத்தைக் கூட்டுவது ஒன்று, உசுப்புவது ஒன்று. ஆழத்தைக் கூட்டுவதில் முதலிடம் தூக்கக் கடனுக்கு, அதாவது தேவையான தூக்கம் கிடைக்காமல் சேரும் பாக்கிக்கு. அடுத்தது காய்ச்சல். உசுப்புபவை: நிரம்பிய சிறுநீர்ப்பை, சத்தம், மூக்கடைப்பு, குறட்டையோடு வரும் மூச்சுத் தடை, காலை உதறவைக்கும் இரும்புச்சத்துக் குறைவு. இவற்றுக்குக் கீழே பரம்பரையும் இருக்கிறது. தூக்கத்தில் நடக்கும் பழக்கமும் இதுவும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

எவ்வளவு சாதாரணம் என்பதற்கு: கனடாவின் கியூபெக்கில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. ஒன்றரை வயதில் 34.4 சதவீதக் குழந்தைகளுக்கு நைட் டெரர் இருந்தது. 5 வயதில் 13.4 சதவீதம். 13 வயதில் 5.3. அதாவது மூன்றில் ஒரு குழந்தைக்கு வந்து, பெரும்பாலும் தானாகவே போய்விடும் விஷயம்.

முன்றில்

ஒரு திருத்தம் சேர்க்கலாமா? இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் "நைட் டெரர்" என்று சொல்லப்படுவதில் நிறைய உண்மையில் குழப்ப விழிப்பு. அலறலோடு ஆரம்பிக்காது. முனகலாகத் தொடங்கி, அழுகையாகி, புரண்டு உதைத்து மெல்ல ஏறும். முகம் சிவப்பதோ வேர்ப்பதோ பெரிதாக இருக்காது. நேரமும் கொஞ்சம் அதிகம் எடுக்கும். கையாளும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் மருத்துவரிடம் சொல்லும்போது "திடீரென்று அலறினான்", "மெல்ல ஆரம்பித்தது" என்று பிரித்துச் சொல்வது உதவும்.

கண்விழி

அந்தப் பத்து நிமிஷம் என்ன செய்யணும்? எழுப்பவே கூடாதா? எழுப்பினால் மூளைக்கு ஆபத்து என்று பல இடத்தில் படித்தேன்.

மழலைக்காவல்

எழுப்பினா ஆபத்துங்கிறது தப்புங்க. ஆபத்து ஒண்ணும் இல்ல. ஆனா பலன் இல்ல, நேரம்தான் நீளும். தோளைப் பிடிச்சு உலுக்குறது, முகத்துல தண்ணி தெளிக்கிறது, பளீர்னு லைட் போடுறது, பேர் சொல்லிக் கத்துறது எல்லாமே உசுப்பலைக் கூட்டுது. அப்படியே எழுந்துட்டாலும், சுத்தி நாலு பேர் பதறி நிக்கிறதைப் பார்த்து குழந்தை அப்பதான் நிஜமா பயப்படும்.

செய்ய வேண்டியது இது. அறைக்குள்ள போனதும் முதல்ல கடிகாரத்தைப் பாருங்க, மணியை மனசுல வாங்கிக்குங்க. பெரிய லைட் வேண்டாம், வாசல்ல இருந்து வர்ற மங்கல் வெளிச்சம் போதும். கையெட்டுற தூரத்துல உட்காருங்க, முகத்துக்கு நேரா குனியாதீங்க. குழந்தை எழுந்து ஓடப் பார்த்தா இறுக்கிப் பிடிக்காம, உங்க உடம்பை வேலி மாதிரி வச்சு கட்டில் விளிம்புல இருந்தும் சுவத்துல இருந்தும் திருப்பி விடுங்க. பிடிச்சு அமுக்கினா இன்னும் திமிறும், அப்பதான் தலை இடிக்கும், உங்க மூக்கும் உடையும்.

பேசணும்னா ஒரே வாக்கியம், தாழ்ந்த குரல்ல, இடைவெளி விட்டு. "இங்கதான் இருக்கேன், படுத்துக்கோ." கேள்வி கேட்காதீங்க. "என்னடா ஆச்சு, எங்க வலிக்குது"ன்னு கேக்குறதுக்குப் பதில் சொல்ற நிலையில அது இல்ல. முதுகுல கை வச்சா அடங்குதா, திமிறுதான்னு ஒரு தடவை பாருங்க. சில குழந்தைக்கு உதவும். திமிறினா கையை எடுத்துடுங்க, மறுபடி மறுபடி முயற்சி வேண்டாம்.

அடங்கினதும் உடனே நகராதீங்க. மூச்சு சீராகி, கை துவண்டு கிடக்கிற வரைக்கும் ரெண்டு மூணு நிமிஷம் இருங்க. காலையில அதைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க. அக்கா அண்ணன் யாராவது "நீ ராத்திரி கத்தின"ன்னு கிண்டல் பண்ணினா, இல்லாத பயம் அன்னிக்கு ராத்திரி படுக்கும்போது வந்து உட்காரும்.

கண்விழி

ரொம்ப நன்றி. படுக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லுங்கள். இரண்டரை வயது, கம்பித் தொட்டில்.

மழலைக்காவல்

மெத்தை தொட்டிலோட கீழ்மட்டத்துல இருக்கணும். உள்ள பெரிய பொம்மை, மடிச்ச போர்வை எதுவும் வேண்டாம், ஏறி நிக்க அதெல்லாம் படியாயிடும். உயரம் ஏறக்குறைய 89 சென்டிமீட்டர் ஆயிட்டா தொட்டிலுக்கான காலம் முடிஞ்சுதுன்னு வச்சுக்கலாம். அதுக்கு அப்புறம் நல்லது தரையில போட்ட மெத்தை. சுவரை ஒட்டிப் போட்டா இடுக்கு விடாதீங்க, இல்லேன்னா நல்லா தள்ளிப் போடுங்க. கட்டில்ல மாட்டுற தனித் தடுப்புக் கம்பியை ரெண்டு வயசுக்குக் கீழ பயன்படுத்தவே கூடாது. மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவுல உடம்பு மாட்டிக்கும். அடுக்குக் கட்டிலோட மேல் தட்டு சின்னக் குழந்தைக்கு ஆகவே ஆகாது.

ஜன்னலுக்குத் தாழ்ப்பாள், மாடிப்படிக்கு மேலயும் கீழயும் தடுப்புக் கதவு, அறைக் கதவுல சின்ன மணி. கேமரா வச்சிருந்தா அதோட வயர் தொட்டில்ல இருந்து குறைஞ்சது 90 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும்.

ஐயம்

மூன்று வயது. மதியத் தூக்கம் நின்று மூன்று வாரம். அதே மூன்று வாரமாக வாரத்துக்கு நாலு முறை அலறல். இரவு 9.15-க்குத் தூங்கி 6.45-க்கு எழுகிறான். பள்ளியில் ஏதாவது பயமுறுத்துகிறார்களா என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள்.

தூக்கக்கூடம்

பள்ளியில் விசாரிப்பதில் தவறில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 9.15 முதல் 6.45 வரை ஒன்பதரை மணி நேரம். 3 முதல் 5 வயதுக்கு 24 மணி நேரத்தில் 10 முதல் 13 மணி நேரம், 1 முதல் 2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் தந்த அளவு. மதியத் தூக்கமும் இதில் சேர்ந்ததுதான். மதியத் தூக்கம் போன இடத்தை இரவு ஈடுகட்டவில்லை. அந்தக் கடன் தினமும் ஏறி, முதல் சுற்றின் ஆழத்தைக் கூட்டுகிறது. மதியத் தூக்கம் நிற்கும் பருவம் நைட் டெரருக்கு மிகவும் தோதான பருவம்.

இரண்டு வழி. ஒன்று, மதியத்தில் 45 முதல் 60 நிமிடத் தூக்கத்தை மீட்டுப் பார்ப்பது. 3 மணிக்குள் எழுந்துவிட வேண்டும். மூன்று வயதில் தினமும் தூங்காவிட்டாலும் வாரத்தில் மூன்று நாள் தூங்கினால்கூட வித்தியாசம் தெரியும். இன்னொன்று, இரவுத் தூக்கத்தை முன்னால் இழுப்பது. இலக்கு 8 மணிக்குத் தூங்கியிருப்பது. படுக்கையில் விடுவது அல்ல, தூங்கியிருப்பது. மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்தினால் ஐந்து நகர்வில், இரண்டு வாரத்தில் எட்டிவிடலாம். காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

ஒரு எச்சரிக்கை. இங்கேதான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கடனில் இருக்கும் மூளைக்கு அதிகத் தூக்கம் கிடைத்ததும், முதல் சில இரவுகளில் ஆழ்ந்த தூக்கத்தைத்தான் முதலில் அள்ளிக்கொள்ளும். அதனால் சீக்கிரம் படுக்கவைத்த இரண்டாம் நாளே அலறல் வரலாம். "சீக்கிரம் படுக்கவைத்ததால்தான் மோசமாச்சு" என்று பழைய நேரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு வாரம் முழுசாகப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம். பயணம் முடிந்து வீடு திரும்பிய முதல் நல்ல தூக்கத்திலும் இதே கதைதான்.

நடுச்சாமம்

இவ்வளவு நாள் காத்திருப்பதற்குப் பதில், குறித்த நேரத்தில் எழுப்பும் முறையைச் சொல்லுங்கள். குழந்தை மனநல மருத்துவர் பிரையன் லாஸ்க் 1988-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியதுதான். ஐந்து இரவு அலறல் எத்தனை மணிக்கு வருகிறது என்று குறிக்க வேண்டும். பிறகு அந்த நேரத்துக்கு 10 முதல் 15 நிமிடம் முன்னால் குழந்தையை எழுப்பி, ஐந்து நிமிடம் விழிக்கவைத்து மறுபடி தூங்கவிட வேண்டும். ஒரு வாரத்தில் நின்றுவிடும். மருந்து இல்லை, செலவு இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்வதில்லை?

தூக்கக்கூடம்

முறை நல்லது, ஆனால் அதை முதல் படியாக வைப்பதை நான் ஏற்கவில்லை. கடனில் இருக்கும் குழந்தையைத் தினமும் எழுப்புவது கடனைக் கூட்டுவது. தூக்கத்தின் அளவு சரியாக இருந்தும் அலறல் தொடர்ந்தால், அதுவும் நேரம் ஒழுங்காக வந்தால்தான் இது.

நடுச்சாமம்

ஐந்து நிமிட விழிப்பு கடனைக் கூட்டும் என்பது பெரிய வாதமாக எனக்குப் படவில்லை.

முன்றில்

ஐந்து நிமிடத்தில் மறுபடி தூங்கினால் நீங்கள் சொல்வது சரி. சின்னக் குழந்தைகளில் அதுதான் நடப்பதில்லை. இரண்டு வயதுக் குழந்தையை முழுசாக எழுப்பினால் விளையாடத் தொடங்கி முக்கால் மணி போய்விடும். பள்ளி வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் சரி. இந்த வயதுக்கு அதைச் சுருக்க வேண்டும்: கன்னத்தைத் தடவி, தோளை மெல்ல அசைத்து, புரண்டு படுக்கவோ முனகவோ கண்ணைச் சிமிட்டவோ செய்தால் போதும், நிறுத்திவிடலாம். ஆழத்திலிருந்து ஒரு படி மேலே ஏற்றினால் போதுமானது.

எதில் தவறுகிறது என்றால், கடிகார நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவதில்தான். அலறல் 10.30-க்கு வருகிறது என்று குறிக்கிறார்கள். உண்மையில் அது தூங்கிப்போன நேரத்திலிருந்து 90 நிமிடம். இன்று 9-க்குத் தூங்கினால் 10.30, நாளை 8.20-க்குத் தூங்கினால் 9.50. நீங்கள் 10.15-க்குப் போய் நிற்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதனால் தூங்கிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். அந்த இடைவெளி இரவுக்கு இரவு அரை மணிக்கு மேல் மாறினால் இந்த முறை பொருந்தாது, விட்டுவிடலாம்.

பொருந்தினால், எதிர்பார்க்கும் நேரத்துக்கு 15 முதல் 30 நிமிடம் முன்னால், தினமும், இரண்டு முதல் நான்கு வாரம். கை வைத்ததும் அலறல் தொடங்கிவிட்டால் நீங்கள் தாமதம். மறுநாள் 15 நிமிடம் முன்னால் போங்கள். அலறல் முதல் சுற்றில் நின்று அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போனால், அல்லது குழந்தை திரும்பத் தூங்க 20 நிமிடத்துக்கு மேல் எடுத்தால் நிறுத்திவிடுங்கள்.

நடுச்சாமம்

தூங்கிய நேரத்திலிருந்து எண்ணுவது எனக்குத் தோன்றாத விஷயம். ஏற்கிறேன். முழுசாக எழுப்பச் சொன்னதையும் இந்த வயதுக்குத் திரும்பப் பெறுகிறேன்.

தாலாட்டு

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை, 14 இரவுக்கு: மதியத் தூக்கம் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது. விளக்கை அணைத்த நேரம். உண்மையில் தூங்கிய நேரம். அலறல் தொடங்கியது, அடங்கியது. காலை எழுந்த நேரம். சளி, காய்ச்சல், புது மருந்து உண்டா. குறட்டை கேட்டதா. டயப்பர் நிரம்பியிருந்ததா. கடைசி இரண்டையும் யாரும் எழுதுவதில்லை. மருத்துவருக்குப் பெரிதும் உதவுவது குறட்டைக் குறிப்புதான்.

தூக்கக்கூடம்

குறட்டையைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறவிடப்படும் காரணம் இது. சளி இல்லாத நாட்களிலும் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, வாயைத் திறந்து மூச்சு விடுவது, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, மூச்சு சில நொடி நின்று ஒரு திணறலோடு தொடர்வது, தலையணை நனையும் அளவு வேர்வை. இவற்றில் எது இருந்தாலும் அடினாய்டு (மூக்கின் பின்புறம் இருக்கும் சதை), டான்சில் பார்க்கப்பட வேண்டும். ஒவ்வொரு மூச்சுத் தடையும் ஓர் உசுப்பல். தூங்கும் நேரத்தை எவ்வளவு சரிசெய்தாலும் உசுப்பல் இருக்கும்வரை அலறல் போகாது. தூக்க ஆய்வாளர் கிறிஸ்டியன் கியெமினோவும் குழுவும் 2003-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் காட்டியது இதைத்தான்: தூக்கத்தில் நடக்கும், அலறும் குழந்தைகளில் மூச்சுத் தடைக்குச் சிகிச்சை தந்ததும் நடப்பதும் அலறுவதும் நின்றன.

அடுத்தது இரும்புச்சத்து. இரவு முழுக்கக் காலை உதறி, போர்வையைச் சுருட்டித் தள்ளும் குழந்தைக்கு ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆய்வகத்தின் இயல்பு வரம்புக்குள் இருந்தாலும், காலை உதறும் குழந்தைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் சிகிச்சை தரலாமா என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். காய்ச்சல், சளியின்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போது எடுக்க வேண்டும். இரும்பு மருந்தை நீங்களாகத் தொடங்காதீர்கள். அளவு மீறினால் சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. வீட்டில் பெரியவர்களின் இரும்பு மாத்திரை இருந்தால் பூட்டி வையுங்கள்.

ஐயம்

வலிப்பு இல்லை என்று எப்படி உறுதியாகத் தெரியும்? இந்தக் கேள்விதான் தூங்கவிடவில்லை.

முன்றில்

நியாயமான கேள்வி. தூக்கத்தில் வரும் ஒருவகை வலிப்பு, மூளையின் முன்பகுதியிலிருந்து எழுவது, நைட் டெரர் போலவே தோன்றும். பிரித்தறிய நான்கு விஷயம் பாருங்கள். நீளம்: வலிப்பு பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். எண்ணிக்கை: ஒரே இரவில் பல முறை வரும், நைட் டெரர் பொதுவாக இரவுக்கு ஒன்று. நேரம்: வலிப்பு இரவின் எந்தப் பகுதியிலும், தூங்கிய அரை மணிக்குள்ளும்கூட வரும். எல்லாவற்றையும்விட முக்கியம் அச்சு மாறாத தன்மை: ஒவ்வொரு முறையும் அதே கை தூக்குவது, அதே பக்கம் தலை திரும்புவது, அதே வரிசை. நைட் டெரர் ஒரு நாள் போல் இன்னொரு நாள் இருக்காது.

உடம்பு விறைப்பது, ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுப்பது, வாயில் நுரை, கண் ஒரு பக்கம் செருகுவது, பகலிலும் வெறித்துப் பார்த்து நிற்பது இருந்தால் தாமதிக்காமல் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். உதடு நீலமானாலோ இழுப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் எழுதியதில் இந்த அடையாளம் எதுவும் இல்லை. இருந்தாலும் இரண்டு மூன்று வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் விவரிக்கும் பத்து நிமிடத்தைவிட ஒரு நிமிட வீடியோ அதிகம் சொல்லும்.

கண்விழி

வீடியோ எடுக்க லைட் போடலாமா?

முன்றில்

வேண்டாம். மங்கலான மஞ்சள் இரவு விளக்கு போதும். அலறல் கேட்டு போனைத் தேடினால் தொடக்கம் தவறிவிடும், மருத்துவருக்கு வேண்டியதோ அந்தத் தொடக்கம்தான். இருட்டில் பதியும் கேமராவைக் கால்மாட்டுப் பக்கம், முழு உடம்பும் தெரியும்படி வைத்து, தூங்கிய ஒரு மணி நேரத்திலிருந்து ஓடவிடுங்கள். போர்வை கால்களை மறைக்காமல் இருக்கட்டும். ஒலியும் பதிய வேண்டும்.

ஐயம்

இருமல் சிரப் கொடுத்தால் அசந்து தூங்கும் என்று சொல்கிறார்கள்.

மழலைக்காவல்

கூடவே கூடாதுங்க. அந்த மாதிரி சிரப்புல இருக்கிற, தூக்கம் வர வைக்கிற அலர்ஜி மருந்து சில குழந்தையை நேர்மாறா துள்ள வைக்கும், மூச்சையும் பாதிக்கலாம். இந்த வயசுல நைட் டெரருக்கு மருந்து தேவைப்படுறது ரொம்ப அபூர்வம். காயம் படுற அளவுக்குப் போனா தூக்க மருத்துவர் முடிவு பண்ணுவார். தூக்கத்துக்குக் கொடுக்கிற மெலடோனின் ஹார்மோன் மருந்தையும் நீங்களா ஆரம்பிக்காதீங்க.

அதைவிட, படுக்கிறதுக்கு முன்னாடி சிறுநீர் கழிக்க வையுங்க. படுக்கப்போற கடைசி ஒரு மணி நேரம் திரை வேண்டாம். துரத்தி விளையாடுறதை முன்னாடியே முடிச்சிடுங்க.

கண்விழி

எப்போது கட்டாயம் மருத்துவரிடம் போகணும்?

தாலாட்டு

தூக்கத்தைச் சரிசெய்த பிறகும் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வந்தால். அரை மணியைத் தாண்டினால். காயம் பட்டால். பகலில் சோர்ந்து விழுந்தால். இரவின் பின்பாதியில் மட்டுமே வந்தால். குறட்டைக்கும் வலிப்பு அடையாளங்களுக்கும் இந்தக் காத்திருப்பே வேண்டாம், உடனே போங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இப்படி அலறினால் நைட் டெரர் என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். காது வலி, வயிற்று வலி முதலில் பார்க்கப்பட வேண்டும்.

ஐயம்

இரண்டு வாரக் குறிப்பு: தூங்கும் நேரம் 8.05-க்கு வந்துவிட்டது. முதல் வாரம் மூன்று அலறல், இரண்டாம் வாரம் ஒன்று. நேற்று 102 டிகிரி காய்ச்சல், மறுபடி வந்துவிட்டது. எல்லாம் ஆரம்பத்திலிருந்தா?

தூக்கக்கூடம்

இல்லை. காய்ச்சல் இரவு என்று குறிப்பேட்டில் ஓரமாக எழுதி, அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு ஒரு வாரம் அதே 8 மணி, அதே 6.45. நோயின்போது மதியம் தூங்கிவிட்டால் தூங்கட்டும், எழுப்பாதீர்கள். அந்த வாரத்தில் அலறல் மறுபடி ஒன்றுக்கு இறங்கினால் எதையும் மாற்ற வேண்டாம். இறங்காவிட்டால் 15 நிமிடம் இன்னும் முன்னால் கொண்டுபோங்கள், குறட்டை வரியையும் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.